தொங்கலில் விடாதீர்! மணவாழ்வும் மணவிலக்கும் உடல்நலமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒவ்வொரு முஹல்லாவிலும் நிகாஹ் தஃப்தர் உண்டு. மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள், மஹர்த் தொகை என அனைத்தும் அதில் முறையாகப் பதியப்படுகின்றன. மணவிலக்கு நேர்ந்தால் அதற்கும் ஜமாஅத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ஆனால் இவ்விரண்டு ஏடுகளிலும் தம் இன்றைய நிலை எழுதப்படாத பெண்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். கணவன் உயிரோடு இருக்கிறான், சேர்ந்து வாழவில்லை. செலவுக்கு அனுப்புவதில்லை, தலாக்கும் சொல்வதில்லை, குலாவுக்கும் இணங்குவதில்லை. பெரியவர்கள் கூடிப் பேசுவதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கலைவதுமாக, தாய்வீட்டில் அவளுடைய ஆண்டுகள் கழிகின்றன.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 129ஆம் வசனம் இந்நிலைக்கு ஒரு பெயரே சூட்டியிருக்கிறது. 'முஅல்லகா', அதாவது அந்தரத்தில் தொங்க விடப்பட்டவள். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை உடையவர் ஒருத்தியின் பக்கமே முழுவதும் சாய்ந்து மற்றவளை அவ்வாறு விட்டுவிடலாகாது என்பது அவ்வசனத்தின் கருத்து. அவள் கணவன் உடையவளும் அல்லள், மறுமணம் செய்துகொள்ளும் உரிமை உடையவளும் அல்லள் என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தந்துள்ளனர்.

மணவாழ்வு மனிதனின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை செய்கிறதா, மணவிலக்கு அவற்றைக் கெடுக்கிறதா என்னும் வினாவை மருத்துவ உலகம் 160 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. நம் ஷரீஅத்தின் வரலாறோ 1400 ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவை வழக்காகவும் தீர்ப்பாகவும் சந்தித்து வந்துள்ளது. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிப்பது ஜமாஅத் பொறுப்பில் இருப்போருக்கும், பிள்ளைகளுக்கு மணம் முடித்துக் கொடுத்த பெற்றோருக்கும் பயன் தரும் என்னும் நோக்கில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அறியாமைக் காலத்துத் தொங்கல்

இஸ்லாத்திற்கு முந்திய அரபு நாட்டில் மனைவியைத் தொங்கலில் விடுவதற்கு மூன்று வழிகள் வழக்கில் இருந்தன.

முதலாவது, எண்ணிக்கையற்ற தலாக். கணவன் தலாக் சொல்வான். இத்தா முடியும் தறுவாயில் மீட்டுக்கொள்வான். மீண்டும் தலாக் சொல்வான். இதற்கு வரம்பே இல்லை. ஒருவர் தம் மனைவியிடம், உன்னை விடுவிக்கவும் மாட்டேன், சேர்த்துக்கொள்ளவும் மாட்டேன் என்று கூறியதாகவும், அப்பெண் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து முறையிட்டதாகவும் திர்மிதியில் அறிவிப்பு உள்ளது. இதனையடுத்தே, மீட்டுக்கொள்ளத்தக்க தலாக் இரண்டு முறை மட்டுமே என்றும், அதன் பின்னர் முறைப்படி சேர்ந்து வாழ வேண்டும் அல்லது அழகிய முறையில் விட்டுவிட வேண்டும் என்றும் கட்டளை இறங்கிற்று (2:229). துன்புறுத்தும் நோக்கில் மனைவியை நிறுத்தி வைத்துக்கொள்வதும் தடுக்கப்பட்டது (2:231).

இரண்டாவது, ஈலா. மனைவியை நெருங்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஓராண்டு, ஈராண்டு என விலகி நிற்பது அக்கால வழக்கம். அதற்கு நான்கு மாத வரம்பு விதிக்கப்பட்டது (2:226).

மூன்றாவது, ளிஹார். நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று கணவன் கூறிவிட்டால், அவள் அவனுக்கு மனைவியாகவும் இருக்க முடியாது, வேறொருவரை மணக்கவும் முடியாது. அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் தம் மனைவி கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களிடம் கோபத்தில் இவ்வாறு கூறிவிட்டார். தம் இளமை முழுவதையும் அவரோடு கழித்து, மக்களைப் பெற்று, முதுமை எய்திய வேளையில் இவ்வாறு ஆயிற்றே என்று அந்த அம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அவரது முறையீட்டை இறைவன் செவியேற்றதைக் கூறிக்கொண்டே 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. ளிஹார் கண்டிக்கப்பட்டது, அதற்கு அடிமையை விடுதலை செய்தல், இயலாவிடில் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு, அதற்கும் இயலாவிடில் அறுபது ஏழைகளுக்கு உணவளித்தல் என்று பரிகாரம் விதிக்கப்பட்டது.

இம்மூன்று சீர்திருத்தங்களுக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கெடு இருக்கிறது. இரண்டு தலாக், நான்கு மாதம், இரண்டு மாத நோன்பு என்று எண்ணிக்கையோ காலமோ குறிக்கப்பட்டுள்ளது. கணவன் விரும்பும்வரை மனைவி காத்திருக்கட்டும் என்று எங்கும் விடப்படவில்லை.

மதீனாவில் தீர்ந்த இரண்டு வழக்குகள்

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். கணவரின் மார்க்கப் பற்றிலோ குணத்திலோ குறை கூறவில்லை; ஆயினும் அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை என்றார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவீரா என்று கேட்கப்பட்டது. அவர் இசைந்தார். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு தலாக் விடும்படி ஸாபித் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்டது. புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியே குலாவுக்கு அடிப்படை. பெண்ணின் மீது பழி சுமத்தப்படவில்லை. அவரை மாதக்கணக்கில் அலையவிடவும் இல்லை.

மற்றொரு வழக்கு பரீரா (ரலி) அவர்களுடையது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும், அடிமையாகவே இருந்த தம் கணவர் முஃகீஸை விட்டுப் பிரியும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவையே தேர்ந்தார். முஃகீஸோ மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே அழுதுகொண்டு சென்றார். கண்ணீர் அவர் தாடியில் வழிந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மனமிரங்கி, அவரிடம் திரும்பச் செல்லலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று அவர் வினவ, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியாயின் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா (ரலி). அவரது முடிவு ஏற்கப்பட்டது.

சமாதானம் பேசுவோர்க்கு இதில் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. பரிந்து பேசலாம், வற்புறுத்தலாகாது. பிரிவினால் துயருறுபவர் ஆணாக இருந்தாலும் அத்துயரும் கண்டுகொள்ளப்பட வேண்டும்.

கணவன் காணாமற்போனால்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இஸ்லாமியப் படைகள் தொலைதூர நாடுகளுக்குச் சென்றன. ஓரிரவு நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை நினைந்து ஒரு பெண் ஏங்கிப் பாடுவதைக் கலீஃபா கேட்டார்கள். தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டறிந்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு வரம்பு விதித்தார்கள். அவ்வரம்பு நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் தொடங்கி, இன்று வளைகுடா நாடுகள் வரை சபுராளிகளை அனுப்பிப் பழகிய நம் ஊர்களுக்கு இந்நிகழ்ச்சியின் பொருள் எளிதில் விளங்கும்.

கணவன் எங்கிருக்கிறான் என்றே தெரியாத பெண் நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருந்து, மறுமணம் செய்துகொள்ளலாம் என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். மாலிகி மத்ஹபின் சட்டம் இதன்மீது எழுந்தது. ஹனஃபி மத்ஹபின் பழைய நூல்களோ, காணாமற்போனவனின் வயதொத்தவர்கள் அனைவரும் இறந்துபோகும் காலம் வரை அவன் உயிரோடிருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றன. தொண்ணூறு வயது என்று கணக்கிட்டவர்களும் உண்டு. கணவன் ஜீவனாம்சம் தராவிட்டாலும் நிகாஹை முறிக்க ஹனஃபி சட்டம் இடம் தரவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், கணவன் செலவுக்குக் கொடுக்க இயலாதவனானால் ஃபஸ்கு செய்துகொள்ள வழி இருந்தது. தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் பெரும்பான்மையாக இருப்பதால், ஒரே வகைத் துன்பத்திற்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு தீர்வு இருந்திருக்கிறது.

1939ஆம் ஆண்டுச் சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் ஷரீஅத் காஜிகளின் நீதி அதிகாரம் மறைந்தது. நீதிமன்றங்கள் ஹனஃபி நூல்களின்படியே தீர்ப்புக் கூறின. வழியற்ற பெண்களில் சிலர், குறிப்பாகப் பஞ்சாப் பகுதியில், மதம் மாறினால் நிகாஹ் தானே முறிந்துவிடும் என்னும் சட்ட நிலையைப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். கணவனிடமிருந்து விடுபட மார்க்கத்தையே விட வேண்டிய நிலை ஏற்பட்டது என்பது உலமாக்களை உலுக்கியது.

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் ஹிஜாஸில் இருந்த மாலிகி அறிஞர்களிடம் கடிதம் மூலம் ஃபத்வாக்களைப் பெற்று, 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலை வெளியிட்டார்கள். காணாமற்போனவன், செலவுக்குத் தராதவன், சித்தம் கலங்கியவன் ஆகியோரின் மனைவியர் விஷயத்தில் ஹனஃபிகள் மாலிகி சட்டத்தைப் பின்பற்றலாம் என்பது அந்நூலின் முடிவு. தம் மத்ஹபில் உறுதியாக நின்ற ஒரு பேரறிஞர், பெண்களின் துயர் தீர்க்க மற்றொரு மத்ஹபின் வாசலைத் தட்டினார் என்பது வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது.

காஜி முஹம்மது அஹ்மது காஸ்மி அவர்கள் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா, முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாக 1939 மார்ச்சில் நிறைவேறியது. பெண்களின் சொல்லொணாத் துயரைப் போக்குவதே நோக்கம் என்று அதன் விளக்க உரை குறிப்பிட்டது. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதிகளே விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு நீக்கப்பட்டது உலமாக்களுக்கு மனக்குறையாக இருந்தது. எனினும் சட்டம் நின்றது. கணவனைப் பற்றி நான்கு ஆண்டுகள் தகவல் இல்லாமை, இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமை, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, மூன்று ஆண்டுகள் தக்க காரணமின்றி இல்லறக் கடமைகளை நிறைவேற்றாமை, ஆண்மைக் குறைபாடு, இரண்டு ஆண்டுகள் சித்தப் பிரமை, தொழுநோய் அல்லது கொடிய பால்வினை நோய், கொடுமை முதலியவை காரணங்களாக ஏற்கப்பட்டன. அடித்துத் துன்புறுத்துவது மட்டுமன்றி, உடலைத் தொடாமலே நடத்தையால் வாழ்வைத் துன்பமாக்குவதும் கொடுமை என்றே அச்சட்டம் கொண்டது.

இப்பட்டியலில் ஒன்று காலப்போக்கில் நீங்கியது. 1939இல் தொழுநோய்க்கு முறையான மருந்து இல்லை. பின்னர் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் அதனைப் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் குணமாகக்கூடியது என்று ஆனபின், அதனைக் காரணமாகக் காட்டி வாழ்க்கைத் துணையைக் கைவிடுவது நியாயமன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. 2019இல் நிறைவேறிய தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம், 1939ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோயை நீக்கியது. மருத்துவம் மாறியதற்கேற்ப மணச்சட்டமும் மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மருத்துவ உலகம் கேட்ட கேள்வி

நம் உலமாக்கள் ஆராய்ந்தது மணவாழ்வின் உரிமையையும் கடமையையும். அதே மணவாழ்வு உடலில் என்ன செய்கிறது என்பதை மேல்நாட்டார் புள்ளிவிவரங்களால் அளக்கத் தொடங்கினர். 1858இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிவர அறிஞர் பிரெஞ்சு மக்களின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். மணமானோர், மணமாகாதோர், துணையை இழந்தோர் என மக்களை மூன்றாகப் பிரித்தார். பொதுவாக மணமானோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆயினும் இருபது வயதுக்கு முன்னரே மணமான இளம்பெண்களிடையே இறப்பு அதிகம் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். மணவிலக்குப் பெற்றோரை அவர் தனியே கணக்கிடவில்லை. பிரான்சில் 1816 முதல் 1884 வரை விவாகரத்தே சட்டப்படி இல்லை. இங்கிலாந்திலும் 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றியே முழு விவாகரத்துப் பெற முடிந்தது. அதற்குப் பின்னரும் மனைவியின் நடத்தைப் பிழை ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணமாக இருக்க, மனைவியோ கணவனின் நடத்தைப் பிழையோடு கொடுமை போன்ற மற்றொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு 1923இல்தான் நீங்கியது. குலாவின் உரிமை மதீனாவில் ஏழாம் நூற்றாண்டிலேயே வழங்கப்பட்டுவிட்டதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மணமானோர் நீண்ட நாள் வாழ்வதற்கு மணமே காரணமா, அல்லது உடல்நலம் உள்ளவர்களுக்கே எளிதில் மணம் கூடுகிறதா என்னும் ஐயம் அன்றே எழுந்தது. இரண்டிலும் உண்மை உண்டு என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

துணையை இழப்பது உடலைத் தாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று 1969இல் வெளிவந்தது. பிரிட்டனில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, மனைவியை இழந்த 4,486 ஆண்களின் கணக்கை ஆய்ந்தபோது, முதல் ஆறு மாதங்களில் அவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. இறப்புகளில் பெரும்பங்கு இதயம் சார்ந்த நோய்களால் நேர்ந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1967இல், அமெரிக்க மருத்துவர்கள் ஹோம்ஸும் ராஹேயும் வாழ்க்கை நிகழ்ச்சிகள் தரும் மன அழுத்தத்திற்கு மதிப்பெண் வகுத்தனர். 43 நிகழ்ச்சிகள் கொண்ட அப்பட்டியலில் துணையின் மரணத்திற்கு 100, விவாகரத்திற்கு 73, சட்டப்படி முடிவாகாமல் பிரிந்து வாழ்வதற்கு 65, சிறைவாசத்திற்கு 63. பட்டியலின் முதல் மூன்று இடங்களும் மணவாழ்வு தொடர்பானவையே.

2009இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, 51 முதல் 61 வயது வரையுள்ள 8,652 பேரின் மணவரலாற்றை அவர்களின் உடல்நலத்தோடு ஒப்பிட்டது. மணவிலக்கு அல்லது துணையின் இறப்பைச் சந்தித்தவர்களுக்கு, தொடர்ந்து மணவாழ்வில் இருந்தவர்களைவிட, நீரிழிவு, இதயநோய் போன்ற நாட்பட்ட நோய்கள் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தன. மறுமணம் செய்தவர்களிடம் இவ்வேறுபாடு 12 விழுக்காடாக இருந்தது. வருமானம் குறைதல், உணவும் உறக்கமும் கெடுதல், மருத்துவரிடம் போகும்படி நினைவூட்ட ஆளின்மை ஆகியவை சேர்ந்து உடலைக் கெடுக்கின்றன.

புண் ஆறும் வேகம்

இதுவரை கூறியவற்றை மட்டும் படிப்பவர், எப்பாடு பட்டேனும் கணவனோடு இரு என்று மகளிடம் சொல்லத் தோன்றும். அது தவறான முடிவு என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் 1987இல், மணவாழ்வில் இருந்த 38 பெண்களையும் பிரிந்திருந்த அல்லது மணவிலக்குப் பெற்ற 38 பெண்களையும் ஒப்பிட்டனர். அண்மையில் பிரிந்த பெண்களின் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தது. அதே ஆய்வில், சேர்ந்து வாழ்ந்தும் மணவாழ்வில் நிறைவு காணாத பெண்களுக்கும் மனச்சோர்வு மிகுந்து எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தது. ஆண்களை வைத்து அவர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிரிந்த ஆண்கள் கூடுதல் தனிமையும் நோயும் உற்றிருந்தனர். பிரிவைத் தாமே முடிவு செய்தவர்களைவிட, பிரிவு தம்மீது சுமத்தப்பட்டவர்கள் அதிகம் துன்புற்றனர். முஃகீஸின் கண்ணீர் நினைவுக்கு வருகிறது.

2005இல் அதே அறிஞர்கள் 42 தம்பதியரின் முன்கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தைக் கணக்கிட்டனர். ஒருவரையொருவர் பகைமையோடு பேசி வாழ்ந்த தம்பதியரின் புண்கள், பகைமை குறைந்த தம்பதியரின் புண்கள் ஆறிய வேகத்தில் 60 விழுக்காடு வேகத்திலேயே ஆறின. வீட்டில் அன்றாடம் நடக்கும் சண்டை தோலில் உள்ள புண்ணைக்கூட ஆற விடுவதில்லை.

1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு ஆய்வு 724 ஆண்களின் வாழ்க்கையை இளமை முதலே பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் மிகுந்த மனநிறைவு கொண்டிருந்தவர்களே எண்பது வயதில் மிகுந்த உடல்நலத்தோடு இருந்தனர். அவர்களின் அப்போதைய கொழுப்பு அளவைவிட இதுவே நல்ல முன்னறிகுறியாக இருந்தது.

வெளியேறும் வழி திறந்திருப்பதும் உயிர் காக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பல, துணையின் சம்மதமின்றியும் விவாகரத்துப் பெற வழி வகுத்த பின் நேர்ந்த மாற்றங்களைப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டீவன்சனும் உல்ஃபர்ஸும் 2006இல் வெளியிட்டனர். பெண்களின் தற்கொலை 8 முதல் 16 விழுக்காடு வரையிலும், குடும்ப வன்முறை ஏறத்தாழ 30 விழுக்காடும் குறைந்திருந்தன. அந்நாட்டின் சமூகநிலை வேறு, நம்முடையது வேறு. எனினும் கதவே இல்லாத வீட்டில் கொடுமை வளரும் என்பது எங்கும் ஒன்றே.

ஜமாஅத்தின் கடமை

ஆக, ஷரீஅத்தின் வரலாறும் மருத்துவத்தின் வரலாறும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அன்புள்ள மணவாழ்வு உடலைக் காக்கிறது. பகையுள்ள மணவாழ்வு உடலை அரிக்கிறது. பிரிவும் காயம்தான், ஆனால் அது முறையாக முடிந்தால் ஆறத் தொடங்குகிறது. முடிவே இல்லாத தொங்கலில் சேர்ந்து வாழ்வதன் நன்மையும் இல்லை, பிரிந்தபின் மீளும் வாய்ப்பும் இல்லை. இதிலிருந்து நமக்குச் சில கடமைகள் தெரிகின்றன.

முதலாவது, காலத்தே தலையிடுதல். கணவன் தரப்பில் ஒருவர், மனைவி தரப்பில் ஒருவர் என நடுவர்களை ஏற்படுத்தும்படி குர்ஆன் (4:35) பணிப்பது பிளவு ஏற்படுமோ என்று அஞ்சும் வேளையில். பிளவு முற்றி மூன்று ஆண்டுகள் ஆனபின் அன்று. முறையீடு வந்த நாளைக் குறித்து வைத்து, ஈலாவுக்கு இறைவன் வகுத்த நான்கு மாதத்தை நம் பேச்சுவார்த்தைக்கும் உச்ச வரம்பாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, பதிவேடு. ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழாமலும் விடுவிக்கப்படாமலும் உள்ள சகோதரிகளின் நிலையை, அவர்களின் கண்ணியம் கெடாதவாறு, நிர்வாகிகள் மட்டும் காணும் தனிக் குறிப்பேட்டில் எழுதி ஆண்டுதோறும் பரிசீலிக்க வேண்டும். சபுரில் இருக்கும் கணவன்மாரை அங்குள்ள நம் ஊர்ச் சங்கங்கள் மூலம் தொடர்பு கொள்ளலாம்.

மூன்றாவது, சட்டத்தின் எல்லையை அறிதல். காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் அவர்களின் கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட வலிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் கூறியது. தனியார் அமைப்புகள் வழங்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வெறும் காகிதத்தைக் கொடுத்து அனுப்பாமல், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் விடுதலை பெற வழிகாட்டுவதே பாதுகாப்பானது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எதுவாயினும் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. இச்செய்தி நம் சகோதரிகள் பலருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அறிவிப்புகளில் இதனையும் சேர்க்கலாம்.

நான்காவது, பிரிவுக்குப் பின் கவனிப்பு. இத்தா முடிந்த மறுநாள் முதல் அப்பெண்ணின் உணவு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு யார் பொறுப்பு என்பதை மணவிலக்குப் பேச்சின்போதே எழுதிவிட வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுடையோராயின் பைத்துல்மாலிலிருந்து உதவலாம். பிரிவினால் நொறுங்கிப்போகும் ஆண்களையும் நண்பர்கள் தனியே விட்டுவிடலாகாது. உறக்கமும் உணவும் கெட்டுத் திரிபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் ஸதகாவே.

ஐந்தாவது, மறுமணம். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபின் அபூபக்கர் (ரலி) அவர்களையும், அவர்களின் மறைவுக்குப் பின் அலீ (ரலி) அவர்களையும் மணந்தார்கள். நபிகளாரின் துணைவியரில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தவிர ஏனையோர் அனைவரும் முன்னர் மணமாகியிருந்தவர்களே. அச்சமுதாயத்தில் மணவிலக்குப் பெற்றவளோ விதவையோ குறைபட்டவளாகக் கருதப்படவில்லை. நாம் எங்கிருந்து அந்தக் குறைப்பார்வையைக் கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொரு வீட்டாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்த்து வைப்பதே நம் முதல் விருப்பம். சேர்ந்து வாழ்வது கூடாது என்றான இடத்தில் அழகிய முறையில் பிரித்துவிடுவதும் மார்க்கம் காட்டிய வழியே. இவ்விரண்டுக்கும் நடுவே எவரையும் நிறுத்தி வைக்க நமக்கு உரிமை இல்லை. அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள், நம் முஹல்லாவில் தொங்கலில் நிற்கும் சகோதரிகளின் விவகாரம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நல்ல முடிவை எட்ட அனைவரும் முயல்வோமாக!

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் கருணையையும் நிலைபெறச் செய்வானாக! பிரிந்தோரின் உள்ளங்களுக்கு ஆறுதலும் உடல்களுக்கு ஆஃபியத்தும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.